நாலு சக்கரமும் சுத்தணுமா பாஸ்?

கேன்டீனில் ஒரு பிளேட் பஜ்ஜியை நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடுவீர்கள். ஆனால், பேச்சு மட்டும் பதினைந்து லட்சத்துக்குக் கீழே இறங்காது! 'தார் வாங்கினா கெத்துடா...', 'போடா, மலைக்கு ஜிம்னிதான்டா சரி...', 'ரெண்டும் வேஸ்ட். கூர்க்கா பக்கத்துல நிக்க முடியுமா?' அரக்கோணத்தில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்குகிற வரைக்கும் இந்தப் பட்டிமன்றம் முடிகிறதா? ம்ஹூம்!

தப்பில்லை. கனவுக்கு ரோடு டாக்ஸ் கிடையாது. ஆனால், வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் இந்தக் கனவு அப்படியே கடனாக மாறும். அல்லது, நிலத்து வேலைக்காக வீட்டில் வண்டி வாங்கும்போது, "நீதான் படிச்சவன், எது நல்லதுன்னு நீயே சொல்லுப்பா" என்று அப்பா உங்களைப் பார்ப்பார். அப்போது பேந்தப் பேந்த முழிக்காமல் இருக்கணுமா? வாங்க, ஒரு ரவுண்ட் அடிக்கலாம்.

நம்ம ஏரியா சமாசாரம்!

ஃபோர் வீல் டிரைவ் என்றதும் இமயமலை, ராஜஸ்தான் என்று ஏன் தூரமாகப் போகிறீர்கள்? அரக்கோணத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ரயிலில் 27 கிலோமீட்டர் போனால் திருவள்ளூர். 2000-களில் மிட்சுபிஷி பஜேரோ தயாரானது அங்கிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான். தென்கிழக்கே ஒரகடம். 2012-ல் ரெனோ டஸ்டர் அங்கிருந்துதான் வெளியே வந்தது. 2014-ல் அதிலேயே ஆல் வீல் டிரைவ் மாடலும் வந்தது. வடகிழக்கே ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. 2016-ல் திறக்கப்பட்ட இசுசு ஆலையில்தான் டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் தயாராகிறது. செய்யாறு பக்கம் மஹிந்திரா தன் எஸ்.யூ.வி-களை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே 450 ஏக்கருக்கு மேல் ஒரு டெஸ்ட் டிராக்கை 2021-ல் திறந்தது.

ஆக, இது நம்ம ஏரியா சமாசாரம். தாராளமாகப் பேசலாம்!

கொஞ்சம் ஃபிளாஷ்பேக்: இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்க ராணுவம் 1941-ல் இறக்கியது வில்லிஸ் ஜீப். 1947-ல் அதை மும்பையில் அசெம்பிள் செய்ய ஆரம்பித்தது மஹிந்திரா. 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தது. ராணுவம், போலீஸ், ராலி என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. 2010-ல் தார். 2020-ல் அதன் புது அவதாரம். 2023-ல் ஜிம்னி. 2024-ல் ஐந்து கதவு தார் ராக்ஸ். அவ்வளவுதான் குடும்ப வரலாறு.

ரெண்டு கம்பி... என்ன வேலை?

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குள் உட்கார்ந்தால், கியர் லிவர் பக்கத்தில் இன்னொரு குட்டி லிவர் நிற்கும். சில மாடல்களில் அதற்குப் பதில் ஒரு திருகும் பட்டன். அதில் மூன்று எழுத்துகள் இருக்கும்.

2 ஹெச்: இன்ஜின் சக்தி பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும். தினசரி ஓட்டத்துக்கு இதுதான்.

4 ஹெச்: நாலு சக்கரத்துக்கும் சக்தி. மணல், மழையில் ஊறிய மண் ரோடு, வழுக்கும் புல் தரைக்கு.

4 எல்: நாலு சக்கரத்துக்கும் சக்தி, அதுவும் ரொம்ப மெதுவாக, ரொம்ப பலமாக. சேற்றில் புதைந்த வண்டியை வெளியே எடுக்க, பாறை மேலே ஏற, செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் இன்ஜினாலேயே பிடித்து இறங்க... எல்லாம் இவர் வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த வகை வண்டியில் காய்ந்த தார் ரோட்டில் 4 ஹெச் போட்டு ஓட்டக் கூடாது. திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்றும். ஆனால் 4 ஹெச்சில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டிருக்கும். மணலில் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் வழுக்க முடியாதே... அந்த அழுத்தம் முழுக்க உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் தலையில்தான் விழும். 'நாலு சக்கரமும் சுத்தினா கிரிப் ஜாஸ்தி மச்சி' என்று ஹைவேயில் 4 ஹெச் போட்டு ஓட்டும் நண்பருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஆல் வீல் டிரைவ் என்பது வேறு. அங்கே லிவரைத் தள்ளும் வேலை இல்லை. வழுக்கும்போது வண்டியே மற்ற சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும். மழை ரோட்டுக்கும் லேசான மண் ரோட்டுக்கும் நல்லது. ஆனால், பெரும்பாலும் 4 எல் இருக்காது. பெரிய சேற்றில் இறங்கினால் கைவிட்டுவிடும்.

இன்னொரு ரகசியம்... நாலு சக்கரத்துக்கும் சக்தி போனாலும் வண்டி மாட்டிக்கொள்ளும்! எந்தச் சக்கரம் லேசாக இருக்கிறதோ அதற்கே சக்தியை ஓடவிடுவது டிஃபரன்ஷியலின் குணம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று அந்தரத்தில் சுற்றினால் போதும், வண்டி நகராது. அதற்குத்தான் டிஃபரன்ஷியல் லாக். ஷோரூமில், 'லாக் இருக்கா? முன்னாடியா, பின்னாடியா, ரெண்டுமா?' என்று கேளுங்கள். சேல்ஸ்மேன் நிமிர்ந்து உட்காருவார்.

நீங்க எந்த டைப்?

'எது பெஸ்ட்?' என்பது தப்பான கேள்வி. 'எந்த ரோட்டுக்கு?' என்பதுதான் சரியான கேள்வி. உங்கள் டைப்பைக் கண்டுபிடியுங்கள்.

டூர் பார்ட்டி: திருத்தணி மலைக்கோயில், ஏலகிரி, வருஷத்துக்கு ஒரு தடவை ஊட்டி. திருத்தணியில் சந்நிதி வரை வண்டி போக ரோடு இருக்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடுதான். டவுன் பஸ் ஏறுகிற மலைக்கு உங்களுக்கு எதற்கு 4 எல்? நல்ல டயர் போட்ட சாதாரண கார் போதும்.

கெத்து பார்ட்டி: உயரமாக உட்கார வேண்டும், நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். இதிலும் தப்பில்லை, ஆனால் உங்களிடமே உண்மையைச் சொல்லிக்கொள்ளுங்கள். தாரிலேயே 2023 ஜனவரி முதல் பின் சக்கர டிரைவ் மாடல் கிடைக்கிறது. அதே முகம், அதே உயரம், விலை குறைவு. திரும்பிப் பார்ப்பவர் யாரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதில்லை!

நிலத்துப் பார்ட்டி: கரும்பு, நெல், மோட்டார் கொட்டகை என்று வாழும் குடும்பம். ஐப்பசி அடைமழையில் வண்டிப்பாதை களிமண் குழம்பாகிவிடும். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் உழுதுபோட்ட தடத்தில் கார் இறங்கினால் வயிறு தட்டி நிற்கும். உண்மையான தேவை இங்கேதான். உர மூட்டையும் ஏற்றணும், வீட்டு ஆட்களும் போகணும் என்றால் ஃபோர் வீல் டிரைவ் உள்ள பிக்கப் சரி. வி-கிராஸ் போன்றவை சுமார் 5.3 மீட்டர் நீளம். உங்கள் தெருவில் திரும்புமா என்று முதலில் அளந்து பாருங்கள். எந்த போர்டில் ரிஜிஸ்டர் ஆகும், வெள்ளையா மஞ்சளா என்பதையும் கேளுங்கள். இன்ஷூரன்ஸ், வரி எல்லாம் அதைப் பொறுத்து மாறும்.

காடு மேடு பார்ட்டி: நிஜமாகவே வாரா வாரம் சேற்றில் இறங்கி ஏறுபவர். உங்களுக்குத்தான் அந்த மூன்று பேர்.

ஜிம்னி: பெட்ரோல் மட்டும். சுமார் 1,200 கிலோதான். எடை குறைவு என்பதால் மணலில் அதிகம் புதையாது. அகலம் 1.65 மீட்டருக்குள், அதனால் சந்து பொந்தில் புகும். எல்லா மாடலிலும் ஃபோர் வீல் டிரைவ் உண்டு. குறை? நாலு பேருக்குத்தான் இடம். ஹைவேயில் ஓவர்டேக் பண்ணப் பொறுமை வேண்டும்.

தார்: பெட்ரோல், டீசல் இரண்டும் உண்டு. தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 226 மி.மீ. சர்வீஸ் ஆட்கள் ஊருக்கு ஊர் கிடைப்பார்கள். குறை? மூன்று கதவு மாடலில் பின் சீட்டுக்கு ஏறுவதற்குள் பாட்டிக்குக் கோபம் வந்துவிடும்.

கூர்க்கா: டீசல், மேனுவல் கியர் மட்டும். முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. முரட்டு ஆசாமி. குறை? எடை அதிகம். வாங்குவதற்கு முன் சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் கொழுக்குமலையை நினைத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் அது. கேரளாவின் சூரியநெல்லியிலிருந்து கல்லும் குழியுமான பாதையில் ஜீப்பில்தான் ஏற வேண்டும். அங்கே ஏறுபவை பெரும்பாலும் பழைய மஹிந்திரா ஜீப்புகள். டச் ஸ்கிரீன் கிடையாது, சன் ரூஃப் கிடையாது. சின்ன கியர், நிதானம், பழகிய கை... மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறது!

ஏறத்தான் உதவும்... நிறுத்த உதவாது!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பாராவைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால், அது இதுவாக இருக்கட்டும். எல்லா காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டி கிளம்பும்போது உதவும், ஏறும்போது உதவும். ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் எக்ஸ்ட்ராவாக ஒரு அடி முன்னால்கூட நிறுத்தாது. உயரமான வண்டி என்பதால் வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும் வாய்ப்பும் அதிகம்.

அடுத்தது தண்ணீர். தாரின் விளம்பரத்தில் 650 மி.மீ., கூர்க்காவில் 700 மி.மீ. ஆழத் தண்ணீரில் போகலாம் என்று இருக்கும். அது நின்ற தண்ணீர்க் கணக்கு. ஓடுகிற தண்ணீர் வேறு கதை. ஒரு அடி வெள்ளம் சாதாரண காரைத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டடி வெள்ளம் எஸ்.யூ.வி-யையும் இழுத்துப் போகும். 2021 நவம்பரில் ஆந்திராவின் அம்மபள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறந்தபோது பள்ளிப்பட்டு பக்கம் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கினவே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று எந்த வண்டிக்கும் தெரியாது. 'நம்மளது ஃபோர் வீல் டிரைவ் மச்சி, போயிடலாம்' என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்தால், வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவரை இறக்கி விடுங்கள். நீங்களும் இறங்கி, சுற்று வழி எது என்று விசாரியுங்கள்.

பர்ஸ் என்ன சொல்லுது?

ஒரு சின்னக் கணக்கு. எக்ஸ் ஷோரூம் விலை 12 லட்சம் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ரோடு டாக்ஸ் 18 சதவிகிதம். 2023-ல் உயர்த்தப்பட்ட விகிதம் இது. வரியே 2,16,000 ரூபாய்! இன்ஷூரன்ஸ் தனி. 10 லட்சம் கடன், 10 சதவிகித வட்டி, 5 வருஷம் என்றால் மாசம் சுமார் 21,250 ரூபாய் ஈ.எம்.ஐ. வட்டி மட்டும் 2,75,000 ரூபாயை ஒட்டி வரும். முதல் வேலையில் கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு? அதில் வீட்டுக்கு எவ்வளவு, தங்கச்சி படிப்புக்கு எவ்வளவு? அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். டீசல் அதுக்கும் மேலே!

டூ வீல் டிரைவ் வாங்கினால் மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் நாலு போடுங்கள். ரோட்டைத் தொடுவது டயர் மட்டும்தான். மணலில் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் சாதாரண வண்டிகூட ஆச்சரியப்படுத்தும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றிவிட வேண்டும். அதனால் வண்டியில் ஒரு குட்டி ஏர் பம்ப் கட்டாயம்.

செகண்ட் ஹேண்டில் பழைய ஜீப் பார்க்கிறீர்களா? 4 எல் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் லிவர் இருக்கும், வேலை செய்யாது. அடியில் துருவைப் பாருங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். கண்டபடி ஆல்ட்டர் செய்த வண்டி வேண்டாம். ஆர்.சி-யில் உள்ள அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. முன்னால் கம்பி போட்ட 'புல் பார்' 2017 டிசம்பரிலேயே தடை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விட்டால் அது வனச் சட்டப்படி குற்றம். சாகச வீடியோவே சாட்சியாகிவிடும், ஜாக்கிரதை!

கடைசியா ஒரு ஹோம் வொர்க்!

ஒரு நோட்டை எடுங்கள். போன ஒரு வருஷத்தில் நீங்களோ வீட்டில் உள்ளவர்களோ போன வழிகளை எழுதுங்கள். அதில் வண்டி சிக்கி நின்ற நாட்கள் எத்தனை? யாராவது டிராக்டர் கட்டி இழுத்த நாட்கள் எத்தனை? பூஜ்யம் என்றால் உங்களுக்கு ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. ஒன்று, இரண்டு என்றால் டிராக்டர்காரருக்கு ஒரு டீயும் இருநூறு ரூபாயும் கொடுப்பது லாபம். மழைக்காலம் முழுக்க வாரத்துக்கு ஒரு முறை என்றால்... யோசிக்காதீங்க பாஸ், அந்தக் குட்டி லிவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் நியாயம்தான்!