வீடு நிறைய சொந்தக்காரங்க வந்தாச்சா? லீவு நாட்களில் வீட்டு விபத்துகளைத் தடுப்பது எப்படி?

அரையாண்டுத் தேர்வு முடிஞ்சு பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அடுத்து பொங்கல் என்று வரிசையாகக் கொண்டாட்டம்தான். 4 பேர் இருக்கும் வீட்டில் 14 பேர் கூடியிருப்பார்கள். பாய் விரிக்க இடம் இருக்காது, அடுப்பு அணையவே அணையாது.

இப்படி ஒரு லீவில்தான் என் பெரியம்மா வீட்டில் அது நடந்தது. குளிக்க வெந்நீர் போட்டு, வாளியை நடையில் வைத்திருந்தார்கள். அக்காவின் ரெண்டு வயசுப் பையன் ஓடி வந்து கையை உள்ளே விட்டுவிட்டான். அப்போது வீட்டில் பெரியவர்கள் மட்டும் 9 பேர் இருந்தோம். ஆனால், குழந்தையை இன்னொருத்தர் பார்த்துக்கிறார் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம். பையன் அலறியதும் ஒருத்தர் டூத் பேஸ்ட் எடுக்க ஓடினார், இன்னொருத்தர் இங்க் தேடினார். அந்தப் பதற்றத்தில் தண்ணீர்க் குழாயைத் திறக்க யாருக்கும் தோணவில்லை.

அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? அது நடக்காமலே இருக்க என்ன செய்யலாம்? பார்க்கலாம்.

கூட்டம் கூடினால் என்ன மாறுகிறது?

மூன்று விஷயங்கள் மாறுகின்றன. முதலாவது, 4 பேருக்கான பாத்திரம், அடுப்பு, பிளக் பாயின்ட் எல்லாவற்றிலும் 14 பேருக்கான வேலை நடக்கிறது. இரண்டாவது, அந்தச் சமையலறைக்குப் பழகாதவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். எந்த பர்னர் லூஸ், எந்த சுவிட்ச் ஷாக் அடிக்கும் என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். மூன்றாவது, குழந்தையைப் பார்ப்பது எல்லோருடைய பொறுப்பும் ஆகிவிடுவதால், கடைசியில் யாருடைய பொறுப்பாகவும் இல்லாமல் போகிறது.

வெந்நீர் வாளி

மார்கழி, தை மாதங்களில் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். 60 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால் காயம் இன்னும் ஆழமாக இறங்கும்.

* வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள். பிறகு வெந்நீரைக் கலக்குங்கள்.
* வெந்நீரைத் தூக்கிக்கொண்டு நடக்கும் முன், வழியில் குழந்தைகள் இல்லையே என்று பாருங்கள்.
* தண்ணீர் உள்ள வாளியைத் திறந்து வைக்காதீர்கள். தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் கொஞ்சம் தண்ணீரே உயிரைப் பறித்துவிடும்.

ஹீட்டர் ராடு போடுபவர்கள் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். "சூடாயிடுச்சா பாரு" என்று விரலை விட்டுப் பார்ப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தப்பு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்குமா?

சின்ன கணக்குதான். 1500 வாட் ஹீட்டர் ராடு 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் சுமார் 8.7 ஆம்பியர். வீட்டில் செல்போன் சார்ஜருக்குப் பயன்படுத்தும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பெரும்பாலும் 6 ஆம்பியருக்கானது. அதில் ராடு ஒன்றைச் சொருகினாலே அளவு தாண்டிவிடுகிறது. கூடவே அடுப்பையும் சொருகினால் வயர் சூடாகி உருகும். இவற்றுக்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயின்ட்தான் சரி.

குக்கரும் எண்ணெய்ச் சட்டியும்

ஆட்கள் அதிகம் என்று குக்கரை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். மூன்றில் இரண்டு பங்குதான் எல்லை. அரிசி, பருப்பு போல உப்பிப் பொங்குபவற்றுக்குப் பாதிதான். பாசிப்பருப்பும் அரிசியும் நுரைத்து வந்து ஆவி போகும் துளையை அடைத்தால், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நிறைய பேருக்குப் பொங்கல் வைப்பதென்றால் ரெண்டு தடவையாக வைத்துக்கொள்ளலாம், அல்லது திறந்த பாத்திரத்தில் வைக்கலாம். விசில் வராமல் குக்கர் வேறு மாதிரி சத்தம் போட்டால், அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

முறுக்கு, அதிரசம் சுடும்போது எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய்க்கு அடியில் இறங்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலா பக்கமும் வீசிவிடும். அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடுங்கள். காற்று இல்லாவிட்டால் தீ தானாக அடங்கும். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் ஆபத்து.

கேஸ் வாசனை வந்தால்?

சமையல் எரிவாயு காற்றை விட கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும்.

* லைட், ஃபேன் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சின்ன பொறி போதும், பற்றிக்கொள்ளும்.
* பூஜை விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணையுங்கள்.
* ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்புங்கள்.
* வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

குளிர்ப் பிரதேசங்களுக்குப் போய் ரூம் போடுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கக் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகலாம். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் போட்டாலும் இதே ஆபத்துதான்.

தாத்தா பாட்டியின் மாத்திரைப் பை

பலருக்குத் தோணாத விஷயம் இது. விருந்தாளியாக வரும் பெரியவர்களின் கைப்பை கட்டிலிலோ தரையிலோ இருக்கும். உள்ளே சுகர், பிரஷர் மாத்திரைகள் இருக்கும். சில சுகர் மாத்திரைகளில் ஒன்றை விழுங்கினாலே குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வந்ததும் பையை வாங்கி பீரோவில் வைத்துவிடுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரிமோட், பொம்மைகளில் உள்ள பட்டன் பேட்டரியை விழுங்கினாலும் காத்திருக்கக் கூடாது. 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

சுட்டுவிட்டால் முதல் 20 நிமிடம்

* காயத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வெளியே சூடு நின்றாலும் தோலுக்குள் சூடு வேலை செய்துகொண்டே இருக்கும். அதை நிறுத்துவது இந்தத் தண்ணீர்தான்.
* வீக்கம் வரும் முன் மோதிரம், வளையல், அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்க வேண்டாம்.
* சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடுங்கள்.
* டூத் பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். பூசியதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் டாக்டரால் காயத்தின் ஆழத்தையே பார்க்க முடியும்.
* கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

குழந்தைக்குச் சுட்டிருந்தால், முகம், கை, பிறப்புறுப்பில் பட்டிருந்தால், மின்சாரம் தாக்கியிருந்தால், அல்லது காயம் அவரவர் உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தால் கட்டாயம் மருத்துவமனைதான். ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101.

இப்போது என்ன செய்யலாம்?

சொந்தக்காரர்கள் வந்து இறங்கிய அன்றே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். மணிக்கு ஒருத்தர் என்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டுவிடுங்கள். "நான் குளிக்கப் போறேன், நீ பாத்துக்கோ" என்று பெயர் சொல்லி, அவர் "சரி" என்ற பிறகே நகருங்கள். சமையலறைக்குள் ஒரு கோடு போட்டு, அடுப்பு எரியும்போது அதைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பெரியம்மா வீட்டில் இப்போது இதுதான் நடைமுறை. போன லீவில் எனக்கு மதியம் 3 முதல் 4 வரை டியூட்டி. அக்கா பையனுக்கு 5 வயசாகிவிட்டது. மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. வெந்நீர் வாளியைப் பார்த்தால், தம்பி தங்கைகளைத் தள்ளிப் போகச் சொல்வது இப்போது அவன்தான்.