இழுவைப் பெட்டியில் பாரம் ஏற்றும் முறை

கட்டுக்கரைக் குளத்து நீரால் விளைந்த நெல்லை மன்னார்த் தீவுக்குக் கொண்டுசெல்லும் கமக்காரர், தள்ளாடிக்கு அப்பால் உள்ள தாம்போதியையும் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலத்தையும் கடத்தல் வேண்டும். இருபுறமும் நீர், சிறுபோக அறுவடைக் காலத்திலோ சோளகக் காற்று வீதிக்குக் குறுக்காக வீசும். இவ்விடத்தில் இழுவைப் பெட்டி ஆடத் தொடங்கினால் ஒதுங்குதற்கு இடமில்லை. இவ்வாட்டத்திற்குப் பெரும்பாலும் காரணமாவது காற்றன்று. பாரம் ஏற்றிய முறையே ஆகும்.

துலாவும் பெட்டியும்

ஓர் அச்சுள்ள பெட்டி கிணற்றுத் துலாவைப் போன்றது. அச்சுக்குப் பின்னால் பாரம் மிகுந்தால் முன்னுள்ள இழுகோல் மேலெழும். முன்னால் மிகுந்தால் இழுகோல் தாழ்ந்து கொக்கியை அழுத்தும். பெட்டியும் நெல்லும் சேர்ந்து 1000 கிலோ எனவும், கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 3 மீற்றர் எனவும் கொள்வோம். பாரத்தின் நடு அச்சுக்கு 30 சதமமீற்றர் முன்னே இருப்பின் கொக்கியில் 100 கிலோ அழுத்தும். அதுவே அவ்வளவு பின்னே இருப்பின் கொக்கியை 100 கிலோ மேலே தூக்கும். அப்போது இழுக்கும் வாகனத்தின் பின்சில்லுகள் நிலத்தைப் பற்றும் வலுக் குறைந்து, பெட்டி பாம்புபோல் நெளியும். வேகம் கூடக்கூட நெளிவும் பெருகும். மாறாக, கொக்கியில் பாரம் அளவு மிஞ்சினால் முன்சில்லுகள் இலேசாகிச் சுக்கானுக்கு அடங்கா.

தக்க அளவு

சிறு மோட்டார் வாகனம் இழுக்கும் பெட்டியாயின், மொத்த நிறையில் பத்திலொரு பங்கு கொக்கியில் இருத்தல் நன்று. வாகனத்திற்குக் குறிக்கப்பட்ட எல்லையை அது விஞ்சலாகாது. நாற்சில்லு உழவு இயந்திரத்திற்கு அதன் கைந்நூல் கூறும் அளவே கொள்ளத்தக்கது. அளவறிய, சமநிலத்தில் பெட்டியின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, நெல் நிறுக்கும் மேடைத் தராசின்மேல், கொக்கியின் உயரத்திலேயே, இழுகோலின் நுனியை ஊன்றிப் பார்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

மூடைகளை அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னும் தாழ்வாக அடுக்கிக் கயிற்றால் இறுக்குக. உயர்ந்த அடுக்கு காற்றுக்கு இலக்காகும்.

மன்னார் நகரில் சில மூடைகளை இறக்கிப் பேசாலைக்கோ தலைமன்னாருக்கோ செல்வோர், எஞ்சியவற்றை மீண்டும் ஒழுங்காக அடுக்கிய பின்னரே புறப்படுதல் வேண்டும்.

உழவு இயந்திரத்தின் இழுவைச் சட்டத்திலேயே பெட்டியைப் பூட்டுக. பின்னச்சுக்கு மேலான இடத்தில் பூட்டி இழுத்தால், இயந்திரம் முன்புறம் எழுந்து ஓட்டுநர்மேல் கவிழக்கூடும்.

மூடைகளின்மேல் ஆட்களை, சிறப்பாகச் சிறுவரை, ஏற்றுதல் ஆகாது.

பெட்டி ஆடத் தொடங்கினால் பிறேக்கைத் திடீரென மிதியாமலும் வேகத்தைக் கூட்டாமலும், சுக்கானை நேராகப் பிடித்து வேகத்தை மெல்லத் தணிக்க வேண்டும். பின்னர்ப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி மூடைகளை முன்னே மாற்றுக.

களத்தில் இதற்குச் செலவாகும் சிறுபொழுது, ஒரு போகத்தின் விளைவையும் ஓட்டுநரின் உயிரையும் காக்கும்.