நான் கண்ட நீதிமன்றம்

நீதிமன்றம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது திரைப்பட நீதிமன்றமே. வழக்கறிஞர் முழங்குவார், கூட்டம் ஆரவாரிக்கும், நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டுவார். செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் ஒருநாள் முழுதும் அமர்ந்திருந்தேன். அங்கே முழக்கமும் இல்லை, சுத்தியலும் இல்லை.

எவரும் உள்ளே செல்லலாமா என நண்பர்கள் வினவினர். செல்லலாம். குற்ற வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த மன்றத்தில் நடைபெற வேண்டும் என்பது சட்டம். பாலியல் வன்கொடுமை போன்ற வழக்குகளே மூடிய அறையில் நடைபெறும். எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கில் 1967-இல் எம்.ஆர்.ராதாவுக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் விதித்ததும் செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றமே. புகழ் பெற்றவருக்கும் பெயரறியாதவருக்கும் கூண்டு ஒன்றுதான்.

அன்று கொலை வழக்கு. டவாலி பெயர் சொல்லி அழைத்தார். காவலருடன் வந்த இளைஞனுக்கு என் வயதுதான் இருக்கும். சாட்சிக் கூண்டில் ஏறியவர், இறந்தவனின் தாய். மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்தினர். மகனின் சட்டையைக் காட்டி, "அடையாளம் தெரிகிறதா?" எனக் கேட்டபோது அவருக்குப் பேச்சு எழவில்லை. "உட்கார்ந்து சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி. தட்டச்சு ஓசையும் நின்றது. பின்னர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்தார். அது எனக்குக் கொடுமையாகப்பட்டது. ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்க ஒருவர் இல்லாவிடில், குற்றமற்றவனும் தண்டனை பெறக்கூடும் அல்லவா? அதனால்தான் வசதியற்றவனுக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் அமர்த்தப்படுகிறார்.

அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்தபின், அதுபற்றிக் குற்றம் சாட்டப்பட்டவனையே நீதிபதி கேட்பார். அப்போது அவனுக்குச் சத்தியப் பிரமாணம் இல்லை. அவன் பதிலளிக்க மறுத்தாலும் அதற்காகத் தண்டனை இல்லை. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. 2024-இல் பழைய நடைமுறைச் சட்டம் மாறிப் புதியது வந்தபோதும் இவ்வுரிமை மாறவில்லை.

மாலையில் வராந்தாவின் மறுமுனையில் இன்னொரு பெண் அழுதுகொண்டிருந்தார். கூண்டில் நின்றவனின் தாய் அவர். இருவரும் ஒரே குப்பம்! திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்து வந்தது. ஒருவர் முன்வாயிலில் ஏறினார், மற்றவர் பின்வாயிலில்.

குற்றவாளி யார் என்பதைத் தீர்ப்பு சொல்லிவிடும். அவ்விரு தாயரும் இனி ஒரே தெருவில் எவ்வாறு வாழ்வது என்பதை எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை. நண்பர்களே, ஒருநாள் நீங்களும் சென்று அமர்ந்து பாருங்கள். செய்தித்தாளில் நாலே வரியில் முடியும் கொலைச் செய்தியைப் பிறகு அவ்வளவு எளிதாகப் படித்துவிட்டுப் புரட்ட மாட்டீர்கள்.