காலத்தைச் சுருக்கும் கேமரா

நுழையும்முன்

மொட்டு மலர்வதையும் முற்றத்து நிழல் நகர்வதையும் நாம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாலும் காண இயலுவதில்லை. சிறிது நேரம் கழித்துப் பார்க்கும்போது மாற்றம் நிகழ்ந்திருப்பதை மட்டுமே அறிகிறோம். அம்மாற்றம் நிகழும் விதத்தைக் கண்முன் கொண்டுவரும் ஒளிப்பதிவு முறை ஒன்றை இப்பாடம் விளக்குகிறது.

காலம் சுருங்கும் விதம்

வழக்கமான காணொளியில் ஒரு நொடிக்கு 25 அல்லது 30 படங்கள் பதிவாகின்றன. பதிவான வேகத்திலேயே அவற்றை ஓட்டுவதால், நிகழ்வு இயல்பான வேகத்தில் தெரிகிறது. இதற்கு மாறாக, 5 நொடிக்கு ஒரு படம் வீதம் எடுத்து, அப்படங்களை நொடிக்கு 30 வீதம் ஓட்டினால் என்ன ஆகும்? 150 நொடிகளில் நடந்தது ஒரே நொடியில் நடந்து முடியும். காலம் 150 மடங்கு சுருங்கிவிடும். இதுவே டைம்லாப்ஸ் எனப்படும் காலச்சுருக்க ஒளிப்பதிவு.

இது புதிய முறையன்று. 1910ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்சி ஸ்மித், மலர்கள் விரிவதை இம்முறையில் திரைப்படமாக்கிக் காட்டினார். நம் நாட்டு அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸ், செடியின் வளர்ச்சியைக் காண வேறொரு வழியைக் கையாண்டார். அவர் உருவாக்கிய கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவி, செடி வளரும் மிக நுண்ணிய அளவை ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. அக்கருவி நீளத்தைப் பெருக்கியது. டைம்லாப்ஸ் நேரத்தைச் சுருக்குகிறது. கண்ணுக்கெட்டாததைக் காண்பதே இரண்டின் நோக்கமும் ஆகும்.

ஆக்‌ஷன் கேமராவின் இயல்புகள்

ஆக்‌ஷன் கேமரா உள்ளங்கையில் அடங்குவது. தூசியையும் அதிர்ச்சியையும் தாங்குவது. குறித்த இடைவெளியில் தானே படமெடுக்கும் வசதி பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களில் உள்ளது. அகன்ற பரப்பைக் காட்டும் வில்லை இருப்பதால் வானம், தெரு, கட்டுமான இடம் ஆகியவற்றைப் பதிவுசெய்ய இது மிகவும் ஏற்றது.

இதற்கு எல்லைகளும் உண்டு. இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் ஏறத்தாழ ஓர் அடிக்கும் குறைவான தொலைவில் உள்ள பொருள் தெளிவாக விழாது. ஆகவே ஒற்றைப் பூவை நெருங்கி எடுக்க இது உகந்த கருவியன்று. மங்கிய ஒளியில் படத்தில் புள்ளிகள் மிகும். படத்தின் ஓரங்களில் நேர்கோடுகள் வளையும். எனவே தொடுவானத்தைச் சட்டகத்தின் நடுப்பகுதியில் அமைத்தால் அது வளையாமல் இருக்கும்.

இடைவெளியைத் தேர்தல்

டைம்லாப்ஸ் கலையின் உயிர்நாடி, இரண்டு படங்களுக்கு இடையே விடும் நேரமே. பொதுவாகப் பின்பற்றத்தக்க அளவுகள் இவை:

• மக்கள் நடமாடும் தெரு: 1 முதல் 2 நொடி
• விரைந்து செல்லும் மேகம்: 2 முதல் 5 நொடி
• சூரியன் மறைதல்: 5 முதல் 10 நொடி
• நகரும் நிழல்: 10 முதல் 30 நொடி
• பல நாள் நடைபெறும் கட்டுமானம்: 5 நிமிடமும் அதற்கு மேலும்

கணக்கு எளிது. நிகழ்வின் மொத்த நொடிகளை இடைவெளியால் வகுத்தால் படங்களின் எண்ணிக்கை கிடைக்கும். அதனை 30ஆல் வகுத்தால் காணொளியின் நீளம் நொடிகளில் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: மலையேறும் மேகம்

மேகாலயாவின் சிரபுஞ்சி, மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் அமைந்த ஊர். அதற்குத் தெற்கே, தாழ்வில், வங்கதேசத்துச் சமவெளி பரந்து கிடக்கிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று அம்மலைச் சரிவில் மோதி மேலெழுகிறது, மேலெழும்போது குளிர்கிறது, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி மேகமாகிறது.

இக்காட்சியை 2 மணி நேரம் பதிவுசெய்து 20 நொடிக் காணொளியாக்க விரும்புகிறோம் என்று கொள்வோம். 20 நொடிக்கு 600 படங்கள் தேவை. 7200 நொடிகளை 600ஆல் வகுத்தால் 12 நொடி இடைவெளி வருகிறது. கணக்கு சரிதான், ஆனால் காட்சி சரியாக அமையாது. மலைச்சரிவில் மேகம் விரைந்து மாறுவதால், 12 நொடிக்கு ஒருமுறை எடுத்த படங்களில் அது தாவித் தாவிச் செல்வதுபோல் தோன்றும். 5 நொடி இடைவெளியில் எடுத்தால் 1440 படங்கள் கிடைக்கும். காணொளி 48 நொடி ஓடும். அதில் சிறந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே, இடைவெளியை முடிவுசெய்ய வேண்டியது நிகழ்வின் வேகமே. ஐயம் எழுந்தால் குறைந்த இடைவெளியையே தேர்ந்தெடுக்க வேண்டும். மிகுதியான படங்களைப் பின்னர் நீக்கலாம். எடுக்காமல் விட்ட படத்தை எவராலும் மீட்க முடியாது. கடந்த காலை நேரம் மீண்டும் வாராது.

இவ்வாறு எடுத்த காணொளி ஓர் உண்மையையும் உணர்த்தும். நேரில் பார்க்கும்போது மேகம் பஞ்சுப்பொதிபோல் மிதந்து செல்வதாகத் தோன்றுகிறது. காலத்தைச் சுருக்கிப் பார்த்தாலோ, அது ஒருபுறம் உருவாகிக்கொண்டும் மறுபுறம் கரைந்துகொண்டும் இருப்பது தெரியும்.

பதிவுக்கு முன் கவனிக்க வேண்டியவை

1. கேமராவை முக்காலியில் உறுதியாகப் பொருத்துக. காற்று வீசும் இடத்தில் முக்காலியின் நடுவே ஒரு கனமான பையைத் தொங்கவிடுக. இடையில் அதனைத் தொடாதீர்.
2. மின்கலம் நெடுநேரம் தாங்காது. திரையையும் வைஃபையையும் அணைத்துவைக்க. தேவையெனில் பவர் பேங்க் இணைக்கலாம். அதற்காக மூடியைத் திறந்தால் கேமராவுக்குள் நீர் புகக்கூடும். ஆதலால் மழையில் தக்க உறை தேவை.
3. ஒரு படம் 5 எம்.பி. எனக் கொண்டால் 1440 படங்களுக்கு ஏறத்தாழ 7 ஜி.பி. இடம் வேண்டும். நினைவக அட்டையை முன்பே சரிபார்க்க.
4. வண்ணச் சமநிலையைத் தானியங்கியாக விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறி, காணொளி மினுக்கும். அதனை ஒரே அளவில் நிறுத்துக.
5. ஒரு சிறு பகுதியை முதலில் எடுத்து ஓட்டிப் பார்த்த பின்னரே முழுப் பதிவைத் தொடங்குக.

காட்டுவதும் மறைப்பதும்

ஜேம்ஸ் பேலாக் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர், 2007ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின் வழியே கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களில் பனியாறுகளை நோக்கிக் கேமராக்களை நிறுவினார். பகலொளியில் அரை மணிக்கு ஒரு படம் வீதம் அவை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்தன. அசையாது நிற்பதாகத் தோன்றும் பனியாறுகள் உருகிப் பின்வாங்குவதை உலகம் கண்டது. 2012இல் வெளிவந்த ‘சேஸிங் ஐஸ்’ என்னும் ஆவணப்படம் இம்முயற்சியைப் பற்றியது.

அந்த அரை மணி இடைவெளியில் பறந்து சென்ற பறவை எதுவும் பெரும்பாலும் பதிவாகியிராது. தெருவை 1 நொடி இடைவெளியில் எடுத்தால் மனிதர் தெரிவர்; 1 நிமிட இடைவெளியில் எடுத்தால் நடந்து செல்வோர் ஒரு கணம் மட்டுமே தோன்றி மறைவர், நின்ற வண்டிகளே நிலைத்துத் தெரியும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை இடைவெளியைத் தேர்பவரே முடிவுசெய்கிறார். ஆதலால் தம் காணொளியைப் பிறருக்குக் காட்டுவோர், அது எந்நாளில் எடுக்கப்பட்டது, எத்தனை மடங்கு விரைவுபடுத்தப்பட்டது என்பவற்றைக் குறிப்பிடுவதே நேர்மை.

சொற்பொருள்

சட்டகம் – காட்சியை அடக்கும் எல்லை
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
பனியாறு – மெல்ல நகரும் பெரும் பனித்திரள்
உயிர்நாடி – இன்றியமையாத பகுதி

பயிற்சி

1. பிரித்து எழுதுக: அம்மாற்றம், கண்ணுக்கெட்டாத, பகலொளி.
2. 90 நிமிடம் நிகழும் சூரிய மறைவை 10 நொடி இடைவெளியில் எடுத்தால், எத்தனை படங்கள் கிடைக்கும்? காணொளி எத்தனை நொடி ஓடும்?
3. ‘ஐயம் எழுந்தால் குறைந்த இடைவெளியையே தேர்ந்தெடுக்க வேண்டும்’ – ஏன்?
4. கிரெஸ்கோகிராஃப் கருவிக்கும் டைம்லாப்ஸ் முறைக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.
5. செயல்பாடு: உங்கள் பள்ளி வளாகத்தில் மெல்ல மாறும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை அதனைப் பார்த்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுக. அதனைப் பதிவுசெய்ய எந்த இடைவெளி பொருந்தும் எனக் காரணத்துடன் ஐந்து வரிகளில் விளக்குக.