எந்தச் சுந்தரபாண்டியன்?

முதலாம் சுந்தரபாண்டியன், இரண்டாம் சுந்தரபாண்டியன் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அந்த மன்னர்கள் யாரும் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. எண்கள் எல்லாம் பிற்கால ஆய்வாளர்கள் இட்டவை. கல்வெட்டில் இருப்பது பெயர் மட்டுமே. அந்தப் பெயரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாண்டியர் வரலாற்றில் இது பெரிய தலைவலி. மாறவர்மன், சடையவர்மன் என்ற இரண்டு பட்டங்களைத்தான் அவர்கள் மாறி மாறிச் சூடினார்கள். கூட வரும் பெயர்களும் சுந்தரன், வீரன், விக்கிரமன், குலசேகரன், பராக்கிரமன் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. போதாக்குறைக்கு, 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் பலர் ஒரே காலத்தில் ஆளுக்கொரு பகுதியை ஆண்டார்கள். கல்வெட்டுகளோ பெரும்பாலும் சக ஆண்டு போன்ற தொடர்ச்சியான ஆண்டுக்கணக்கைச் சொல்வதில்லை; மன்னர் பட்டமேறி எத்தனையாவது ஆண்டு என்பதோடு நின்றுவிடும்.

கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன், சோழநாட்டை வென்று திருப்பிக் கொடுத்ததால் ‘சோணாடு வழங்கியருளிய’ என்ற அடைமொழியோடு வருவான். 1251இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் சிதம்பரத்திலும் திருவரங்கத்திலும் பொன் வேய்ந்தவன். ஆனால் ஏராளமான கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தி இல்லாமல், வெறும் பெயரோடு தொடங்குகின்றன. அங்கே கைகொடுப்பது பஞ்சாங்கம்.

ஒரு கல்வெட்டு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: சடையவர்மன் சுந்தரபாண்டிய தேவர்க்கு யாண்டு 9ஆவது, ரிஷப நாயற்று பூர்வபக்ஷத்து பஞ்சமியும் திங்கட்கிழமையும் பெற்ற புணர்பூசத்து நாள். ரிஷப நாயிறு என்பது வைகாசி. அந்த மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில் நிலா பெரும்பாலும் புணர்பூசம், பூசம், ஆயில்யம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் நிற்கும். அது திங்கட்கிழமையாக அமைவதற்கு ஏழில் ஒரு வாய்ப்பு. ஆக, நூறு ஆண்டுகளில் சுமார் ஐந்து முறைதான் இந்தச் சேர்க்கை வரும். ஒவ்வொரு தேதியிலிருந்தும் ஆட்சியாண்டைக் கழித்தால், பட்டமேறியிருக்கக்கூடிய ஐந்து ஆண்டுகள் கிடைக்கும். அதே மன்னனுடையது என்று கருதப்படும் 12ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கும் இதே கணக்கைப் போட வேண்டும். இரண்டு பட்டியலிலும் எந்த ஆண்டு நிற்கிறதோ, அதுவே விடை. பொதுவான ஆண்டு எதுவும் இல்லையென்றால்? கல்லில் பிழை இருக்க வேண்டும், அல்லது பெயர் ஒன்றானாலும் ஆள் வேறாக இருக்க வேண்டும்.

கிழமை மட்டும் தற்செயலாகப் பொருந்த ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்று கல்வெட்டுகளிலும் தற்செயலாகப் பொருந்த 343இல் ஒன்றுதான். கல்வெட்டுகள் சேரச் சேர முடிவு உறுதியாகிறது. ஒரு கல்வெட்டு 8ஆம் ஆண்டு என்று சொல்ல, சில நாள் கழித்து வெட்டிய இன்னொன்று 9ஆம் ஆண்டு என்று சொன்னால், பட்டமேறிய நாள் அந்த இடைவெளிக்குள் சிக்கிவிடும். பொன் வேய்ந்த சுந்தரபாண்டியன் 1251 ஏப்ரல் பிற்பகுதியில் பட்டமேறினான் என்று சொல்ல முடிவது இப்படித்தான்.

இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன். அவருக்குப் பின் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அதைப் பெரிதாக விரித்தார். பிற்காலத்தில் சென்னை மாகாணச் சட்டசபைத் தலைவராகவும் இருந்த அவர், 700 முதல் 1799 வரையிலான காலத்துக்கு நாள்கணக்கு அட்டவணைகள் போட்டு 1922இல் வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத காலம் அது. கும்பகோணத்தைச் சேர்ந்த என். சேதுராமன் இதே வழியில் ஆராய்ந்து, பாண்டியர் காலவரிசை பற்றி 1978இல் நூல் எழுதினார்.

இந்த முறைக்கு ஒரு ஆபத்தும் உண்டு. கல்தச்சர் வளர்பிறையைத் தேய்பிறை என்று வெட்டியிருக்கலாம், நட்சத்திரத்தை மாற்றியிருக்கலாம். மேலே சொன்ன வைகாசிப் பஞ்சமிக்குத் திருவோணம் என்று இருந்தால் பிழை உடனே தெரிந்துவிடும். ஆனால் நம் முடிவுக்கு ஒத்துவராத விவரத்தை எல்லாம் பிழை என்று தள்ளினால், எந்தக் கல்வெட்டையும் எந்த மன்னன் தலையிலும் கட்டிவிடலாம்.

சொந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீட்டில் ‘ராமசாமி மகன் முத்துசாமி’ ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வருவார். தகப்பன் பெயர்கூட அங்கே அடையாளம் ஆகாது. பழைய பத்திரத்தில் அந்தப் பெயரைக் கண்டதும் கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார் என்று குதிக்காமல், பத்திரத்தின் ஆண்டு, ஊர், நிலத்தின் நான்கெல்லை, சாட்சிகள், மனைவி பெயர் ஆகியவற்றைத் தனித்தனியாக ஒத்துப்பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்று உதைத்தாலும், இரண்டு முத்துசாமிகள் இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டு மேலே தேடுவதே நல்லது. இருவர் ஒருவரே என்று பின்னால் தெரிந்தால் எளிதாகச் சேர்த்துவிடலாம்; தெரியாமல் ஒன்றாக்கிவிட்டால், அதற்குக் கீழே எழுதிய அத்தனை தலைமுறையையும் அழித்து எழுத வேண்டியிருக்கும்.