கஞ்சிராவின் பழைய நாதம்

தனியாவர்த்தனம் தொடங்கியதும் காப்பி தேடி எழுந்து போகும் மகாஜனங்களைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. உட்கார்ந்து கேட்கும் ரஸிகர்களுக்குத்தான் மனக்குறை. "கஞ்சிராவில் பழைய நாதம் இல்லையே!" என்கிறார்கள்.

குறை பொய்யன்று. கிராமத்து வாத்தியமொன்றைத் திருத்திப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1859–1922) கச்சேரி மேடையில் ஏற்றிய கஞ்சிரா, பலாமர வளையத்தின் ஒருபுறம் உடும்புத் தோல் போர்த்தியது. தோலின் உட்புறத்தில் நீர் தடவிச் சுருதியை இறக்குவார்கள். இடக்கை விரல்கள் தோலை அழுத்த, வலக்கையின் அடியில் கும்கி வழுக்கிக்கொண்டு ஏறும். அந்த மெல்லிய தோலின் நெகிழ்ச்சியில் பிறந்த இனிமை அது.

1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று உடும்பைக் கொல்வதும் அதன் தோலை விற்பதும் குற்றம். ஆகவே ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் வந்தன. செயற்கைத் தோலுக்குத் தண்ணீர் வேண்டாம். விளக்குச் சூட்டில் தோல் உலர்ந்து சுருதி ஏறிவிடுமென்ற பயமும் வேண்டாம். வித்வானுக்கு எத்தனை சௌகரியம்! ஆனால் கும்கிதான் பழையபடி காதில் விழுவதில்லை.

ரஸிகர்களின் ஏக்கம் நமக்கும் உண்டு. ஆயினும், 'சட்டத்தைச் சற்றுத் தளர்த்தினால் என்ன?' என்று சிலர் கேட்கும்போது நாம் உடும்பின் கட்சிதான். லயத்தின் பொருட்டு ஒரு பிராணி வதைபட வேண்டுமென்று மான்பூண்டியா பிள்ளையின் பாணியில் எங்கும் விதி இல்லை. அவருடைய கணக்கும் வேகமும் விரலில் இருந்தன; அவை எந்தத் தோலிலும் பேசும். கும்கியைத் திரும்ப வரவழைப்பது வாத்தியம் செய்வோரின் பொறுப்பு. அந்த வேலை இன்னும் முடியவில்லை.