போன் காட்டித் தீத்தும் சோறு

சில மாதங்களுக்கு முன் இரண்டரை வயதுப் பேரனை அம்மம்மா எம்மிடம் கூட்டிவந்தார். (ஆட்கள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளோம்.) "பிள்ளை ஒண்டும் கதைக்குதில்லை டொக்டர். போனைக் காட்டினாத்தான் சாப்பாட்டுக்கு வாயைத் திறக்குது" என்றார். தாய் தகப்பன் இருவருக்கும் மாறி மாறி வேலை. பிள்ளை ஆங்கில எழுத்துப் பாட்டை முழுதாகப் பாடியது. தண்ணீர் கேட்க மட்டும் அதற்குச் சொல் இல்லை.

இதற்குக் கைத்தொலைபேசிதான் காரணம் என்று உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. பேச்சுத் தாமதமென்றால் முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டிசம் உள்ளதா என்பதையும் அதற்குரியவர்கள் பார்க்க வேண்டும்; அது போன் பார்த்ததால் வருவதென்று தாயைக் குற்றம் சாட்டுவது பெரும் பாவம். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பேச்சுத் தாமதமாகும், தமிழை நிற்பாட்டுங்கள் என்று எவராவது சொன்னால் அதையும் நம்பவேண்டாம்.

ஆனால் தாய் சொன்ன ஒரு சொல் எம்மை யோசிக்க வைத்தது. "தமிழ்ப் பாட்டுத்தானே டொக்டர் போட்டுவிடுறம்."

அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பற்றீசியா கூல் என்பவரின் குழு 2003 இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளுடன் சீனமொழி பேசுவோர் 12 தடவைகள் நேரில் இருந்து விளையாடினர், புத்தகம் வாசித்தனர். அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே விடயத்தைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. குழந்தை சத்தத்தை மட்டும் கேட்டு மொழி பழகுவதில்லை. தான் பார்க்கும் இடத்தைத் தானும் பார்த்து, தான் "ம்" என்றால் பதில் சொல்லும் ஒரு முகம் அதற்கு வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டைப் போன் கற்றுத் தராது. அம்மம்மா தருவார்.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் கூறியது இதுதான்: 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாதிருக்க வேண்டும், அதிலும் குறைவு நல்லது. சாப்பிடும்போது படம் பார்க்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. படுக்கையில் பார்த்தால் நித்திரை குழம்பும்.

பிள்ளைகளை மட்டும் சொல்லி என்ன? 2009 இன் முதல் மாதங்களில் நாமெல்லோரும் இரவு பகலாகக் கணினிக்கு முன் இருந்தோம். உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடியதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று எம் பிள்ளைகள் கண்டது எங்கள் முதுகைத்தான். தேடல் முடிந்தும் பழக்கம் போகவில்லை. இப்போது வட்சப்பில் வரும் பகிடிக்கும் அதே குனிவுதான்.

இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளையை, பேசிய சொற்களை இழக்கும் பிள்ளையைத் தாமதியாமல் உங்கள் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளைக்குக் காது சரி. மற்றப் பரிசோதனைக்கு இன்னும் காத்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்துப் போனை மட்டும் நிற்பாட்டச் சொன்னோம். முதல் நான்கு நாள் ஒரே அழுகை, பாதிச் சாப்பாடு நிலத்தில். பிறகு அம்மம்மா யன்னலடியில் வைத்துக் காகம் காட்டித் தீத்தத் தொடங்கினார். மூன்றாம் கிழமை பிள்ளை "காகா" என்றதாம்.

விசா முடிந்து அம்மம்மா யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். இனிப் போனில்தான் பார்க்கலாம். அதற்குத் தடையில்லை, நேரில் முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பை அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும் 2016 இல் விதிவிலக்காக விட்டிருந்தது. பிள்ளையைத் தனியே விடாமல் ஒருவர் பக்கத்தில் இருங்கள். அம்மம்மா கேட்டதற்குப் பிள்ளை பதில் சொல்லும்வரை பொறுங்கள்.